ஃபெரட்டை வேட்டைக்குப் பழக்கலாமா? போட்ட கறியை ஏன் ஒளிக்கிறது?

பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. கீரி மாதிரி ஒல்லியாக நீண்ட உடம்புள்ள வெளிநாட்டு வளர்ப்பு விலங்குதான் ஃபெரட். அதில் ஒரு ஜோடிக் குட்டி வாங்கியிருக்கிறார். வளைக்குள் புகுந்து முயலை விரட்டும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி பழக்கி மேட்டுக்காட்டில் முயலுக்கும், பண்ணையில் எலிக்கும் விடலாமா என்பது முதல் கேள்வி. போடுகிற கோழிக்கறியை அங்கேயே தின்னாமல் பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளிக்கிறது, எடுக்கப் போனால் கடிக்கிறது, இதை எப்படி நிறுத்துவது என்பது இரண்டாவது.

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். அதனால் பின்னால் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவன். அங்கே வேட்டைக்கு ஃபெரட் வளர்க்கிறவர்களோடு பழகியதால் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

ஃபெரட் பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும் கீரிக்கும் அதற்கும் உறவு கிடையாது. மாயாற்றிலும் பவானிசாகர் அணையிலும் இருக்கிற நீர்நாய்தான் அதற்கு நம்மூர்ப் பங்காளி. ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு காட்டு விலங்கு உண்டு. அதை மனிதன் வீட்டுக்குப் பழக்கியதுதான் ஃபெரட். பழக்கி 2000 வருடத்துக்கு மேல் ஆகிறது. கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ, ஸ்பெயினில் முயல் பெருகிப் பயிரை அழித்ததையும், லிபியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு விலங்குக்கு வாய்ப்பூட்டுப் போட்டு வளைக்குள் விட்டதையும் எழுதியிருக்கிறார். அது ஃபெரட்தான் என்று பெரும்பாலானோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை காலம் மனிதனோடு இருந்தும் அதன் வயிறு மாறவில்லை. சுத்தமான மாமிச பட்சிணி. குடல் ரொம்பக் குட்டை. தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஒரே வேளையில் நிறையத் தின்று நாள் முழுக்கத் தாங்கும் உடம்பு இல்லை. கொஞ்சம் தின்னும், தூங்கும், எழுந்து மறுபடி கொஞ்சம் தின்னும். ஒரு நாளில் பதினாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம். காட்டில் இப்படிப்பட்ட உடம்பு பிழைக்க வேண்டுமானால் கிடைத்ததைக் கொன்று, தின்றது போக மீதியைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். போல்கேட் அதைத்தான் செய்கிறது. தவளையின் மண்டைக்குப் பின்னால் ஒரு கடி கடித்துச் செயலிழக்கச் செய்து, சாகாமலே வளையில் அடுக்கி வைக்கும். உயிர் இருப்பதால் கெடாது. பனிக்காலத்தில் அப்படிச் சேர்த்து வைத்த தவளைகளைப் பத்துக் கணக்கில் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் குட்டி திருடவும் இல்லை, அடமும் பிடிக்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் அரிசி டப்பாவில் போட்டு வைக்கிற சிறுவாடு மாதிரிதான். வீட்டில் பஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால்தான் மனசு நிற்கும். வயிறு நிறைந்திருக்கும்போதுதான் ஒளிப்பது அதிகமாகும் என்பதையும் கவனியுங்கள். பசியில் இருக்கும் ஃபெரட் நின்ற இடத்திலேயே தின்றுவிடும்.

இதை நிறுத்த முடியாது. நிறுத்த முயற்சி செய்யவும் வேண்டாம். நம்மூர் வெயிலுக்குத் தகுந்த மாதிரி சமாளிக்க மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். யார்க்‌ஷயர் குளிரில் ஒளித்த கறி நாலு நாள் கெடாமல் கிடக்கும். பல்லடத்தில் பங்குனி மாதத்தில் காலையில் ஒளித்தது மதியத்துக்குள் நாறும், சாயங்காலம் எறும்பு வரிசை கட்டும், இரண்டு நாளில் புழு வைக்கும். அதைத் தேடி எலியும் வரும்; எதற்காக ஃபெரட் வாங்கினீர்களோ அதற்கே விருந்து வைத்த கதை.

அதனால் தீனியைச் சிறிது சிறிதாகப் பலமுறை வையுங்கள். அப்போதைக்குத் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் கறி வேண்டாம். கோழிக் கழுத்து, இதயம், ஈரல் எல்லாம் பல்லடத்தில் மலிவு. குஞ்சு பொரிக்கும் ஹாட்சரிகளில் கழித்த ஒரு நாள் குஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எலும்பும் தோலும் குடலும் சேர்ந்த முழு இரைதான் இதற்குச் சரியான சாப்பாடு. எலும்பை வேகவைத்துக் கொடுக்காதீர்கள், வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பால் சோறு, தயிர் சாதம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். இங்கிலாந்திலேயே ஒரு காலத்தில் ரொட்டியைப் பாலில் நனைத்துப் போட்டு வளர்த்தார்கள். எப்போதும் கழிச்சலும் மெலிந்த உடம்புமாகத்தான் அவை இருந்தன. இன்னொன்று, இளம் வயதில் எந்த வாசனையோடு பழகுகிறதோ அதைத்தான் பிறகு சாப்பாடு என்று ஏற்றுக்கொள்ளும். குட்டியாக இருக்கிற இந்தச் சில மாதங்களுக்குள் கோழி, ஆட்டு ஈரல், முட்டை என்று பலதையும் காட்டிவிடுங்கள். பிறகு பட்டினி கிடந்தாலும் புதியதைத் தொடாது.

ஒளிக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். இருட்டாக, மூலையாக, மூன்று பக்கம் அடைப்பாக இருக்கிற இடம். அது தூங்கும்போது போய்ப் பழைய கறியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சின்னதாக ஒரு புதுத் துண்டை வைத்துவிடுங்கள். இடத்தைக் காலியாக விட்டால் அடுத்த முறை உங்களுக்குக் கை எட்டாத இடமாகப் பார்த்து ஒளிக்கும். கறி மட்டுமில்லை, சாவிக்கொத்து, சாக்ஸ், பிள்ளைகளின் ரப்பர் எல்லாமே பீரோவுக்குப் பின்னால் போகும். அதில் ரப்பரும் ஸ்பாஞ்சும் ஆபத்து. மென்று விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். வாயிலிருந்து நுரை மாதிரி வழிந்து, முன்னங்காலால் வாயைப் பிறாண்டி, தீனியையும் தொடாமல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

சரி, கடிக்கு வருவோம். வேட்டைக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

வேட்டையாடுவதை யாரும் ஃபெரட்டுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. இருட்டு வளையைக் கண்டால் நுழைவதும், முயல் வாசனையைப் பிடித்துப் போவதும் அதற்குப் பிறப்பிலேயே வருவது. கற்றுக்கொடுப்பதெல்லாம் ஒன்றே ஒன்று: வளையை விட்டு வெளியே வந்து மனிதன் கைக்குள் ஏறுவது. அதில்தான் முழுப் பயிற்சியும் இருக்கிறது. வாயில் இருப்பதைப் பிடுங்குகிற கையை அது எப்படி நம்பும்? பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுக் கறியைப் பறித்தால், இந்தக் கை வந்தால் தீனி போய்விடும் என்பதுதான் அதன் மண்டையில் பதியும். அப்படி வளர்ந்த ஃபெரட் வேட்டையில் வளை வாயில் தலையை மட்டும் நீட்டும், கை நெருங்கியதும் உள்ளே போய்விடும். மறுபடி நீட்டும், மறுபடி போகும். பொழுது சாயும் வரைக்கும் இந்த ஆட்டம் நடக்கும்.

பழகின கை எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு பெரியவரிடம் பார்த்தேன். புல்லெல்லாம் உறைபனி. வளைக்கு ஒரு கை தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வளை வாயில் முதலில் மீசை தெரிந்தது, அப்புறம் மண் ஒட்டிய மூக்கு. அவர் அசையவில்லை. கையை மல்லாத்தித் தரையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். அது பாதி உடம்பு வெளியே வந்து காற்றை மோந்தது, நின்றது, பிறகு நாலு காலும் வெளியே வைத்து நேராக வந்து அவர் விரலை நக்கியது. அப்போதும் அவர் பிடித்துத் தூக்கவில்லை. கை மேல் அது ஏறின பிறகு மார்புக்குக் கீழே விரலைக் கொடுத்து மெதுவாக எடுத்தார். ஒரு துண்டு ஈரலைக் கொடுத்துவிட்டு மறுபடி கீழேயே விட்டார். தூக்கினாலே கூண்டுக்குத்தான் என்று அது நினைத்துவிடக் கூடாதாம்.

உங்கள் குட்டிகளுக்கும் இதையே செய்யுங்கள். குட்டி கடிப்பது விளையாட்டுக் கடி. அவற்றின் தோல் தடிப்பு, நம் தோல் மெலிசு என்று அவற்றுக்குத் தெரியாது. கடிக்கும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் இரை ஓடுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். அடிக்கவே கூடாது. பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினால் தானாகத் தளர்ந்து கொட்டாவி விடும், அப்போது விட்டுவிடலாம். மேலேயிருந்து கையை இறக்கித் தூக்காதீர்கள், பருந்து அப்படித்தான் வரும். தினமும் ஒரு வேளைத் தீனியை உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். வாயில் கறி இருக்கும்போது தூக்க வேண்டி வந்தால், அதைவிட நல்ல துண்டு ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள், பிடுங்காதீர்கள்.

அடுத்தது குழாய். நம்ம தோட்டத்தில் நாலங்குல பி.வி.சி. பைப்புக்கா பஞ்சம்? ஒரு துண்டை நேராகப் போட்டு ஒரு முனையில் விடுங்கள், மறுமுனையில் கையை மல்லாத்தி உட்காருங்கள். பழகியதும் ஒரு வளைவு சேருங்கள், அப்புறம் இன்னொன்று. மேலே மண் போட்டு இருட்டாக்குங்கள். முழு உடம்பும் வெளியே வரும் வரை தொடக்கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அங்கே நிஜ வேட்டை எப்படி நடக்கிறது என்றால், முயல் வளைகளின் எல்லா வாயிலும் சுருக்கு வலையை விரித்து முளையடித்து விடுவார்கள். பேச்சு மூச்சு கூடாது. மேலே ஆள் நடமாட்டம் தெரிந்தால் முயல் வெளியே ஓடாமல் உள்ளேயே பதுங்கும், ஃபெரட் அதை அங்கேயே கொன்றுவிடும். கொன்றால் தின்னும், தின்றால் அதன் பக்கத்திலேயே சுருண்டு தூங்கும். காட்டில் போல்கேட் செய்வதும் இதுதானே: இரை இருக்கும் இடமே வீடு. ஃபெரட் வைத்திருப்பவனுக்கு இதுதான் பெரிய தலைவலி. இதற்காகக் கழுத்துப் பட்டையில் சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டி விடுகிறார்கள். மேலே ஒரு கருவியை வைத்துக்கொண்டு நடந்தால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று காட்டும். அங்கே மண்வெட்டியால் தோண்ட வேண்டியதுதான். அந்தக் கருவி வருவதற்கு முன்னால் ஒரு பெரிய ஆண் ஃபெரட்டுக்குக் கயிறு கட்டி உள்ளே விட்டு, கயிறு போன வழியைப் பார்த்துத் தோண்டினார்கள்.

வேட்டைக்கு முன் பட்டினி போடலாமா என்று பலர் கேட்பார்கள். பட்டினி போட்டால் கொன்று தின்ன உட்கார்ந்துவிடும். வயிறு முட்டக் கொடுத்தால் வளைக்குள் போய்த் தூங்கும். அதிகாலையில் அரை வயிற்றுக்குக் கொடுத்துவிட்டு விடுவதுதான் வழக்கம். எடை குறைந்த பெட்டையைத்தான் அதிகம் விரும்புவார்கள், முயலை அமுக்கிக் கொல்லும் பலம் அதற்குக் குறைவு என்பதால். காலமும் குளிர்காலம்தான், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. செடி கொடி காய்ந்து வளைவாய் தெரியும், வளைக்குள் முயல் குட்டிகளும் குறைவாக இருக்கும்.

இதெல்லாம் கொங்கு நாட்டில் நடக்குமா? நடக்காது. முதல் காரணம் முயல். அங்கே வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ஐரோப்பிய முயல். நம் பண்ணைகளில் கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயல் அதன் வழி வந்ததுதான். நம் காட்டு முயல் வேறு. அது வளையே தோண்டாது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், பார்த்திருப்பீர்கள், கொழுக்கட்டைப்புல் தூருக்குள்ளோ கிளுவை வேலி ஓரத்திலோ உடம்பை அமுக்கிப் படுத்திருக்கும். காலடிக்குப் பக்கத்தில் போகும் வரை அசையாது, பிறகு ஒரே ஓட்டம். குட்டியும் வெட்டவெளியில்தான் பிறக்கும், பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாக. வளையே இல்லாத முயலுக்கு ஃபெரட் என்ன செய்யும்?

இரண்டாவது காரணம் சட்டம். காட்டு முயல் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. நாயை விட்டுப் பிடித்தாலும் ஃபெரட்டை விட்டுப் பிடித்தாலும் குற்றம் குற்றம்தான். திருவிழாவையொட்டி முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் மாட்டி அபராதம் கட்டியவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

வளை இருக்கிறதே, எலி வளை, அதில் விடலாமே என்று கேட்பீர்கள். கடலைக்காட்டில் எலி வளையைத் தோண்டினால் படி கணக்கில் கடலைக்காய் வரும். அதுவும் ஒளித்து வைக்கிற ஜாதிதான். ஆனால் வரப்பில் இருக்கிற வளையில் எலி மட்டும் இருப்பதில்லை. நாகனும் கண்ணாடி விரியனும் எலியைத் தேடி அதே வளைக்குள்தான் போகின்றன. நாகப்பாம்பு விஷத்தைத் தாங்கக் கீரிக்கு, அந்த விஷம் போய் ஒட்டுகிற தசை ஏற்பிகளிலேயே (நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடம்) ஒரு மாற்றம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இதற்கும் இருக்கும் என்று நம்பி உள்ளே விடாதீர்கள். அடுத்தது பெருச்சாளி. வளர்ந்த பெருச்சாளி ஒரு பெட்டை ஃபெரட் எடைக்கு வரும். மூலையில் மாட்டினால் அதன் கடி சாதாரணக் கடி இல்லை, எலிக்காய்ச்சலும் உண்டு.

கோழிப்பண்ணைக்குள் விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். ஃபெரட்டுக்கு எலியும் கோழியும் ஒன்றுதான். அதிலும் ஒன்றைத் தின்றுவிட்டுப் படுக்காது, அசைகிற வரைக்கும் கொன்றுகொண்டே போகும், ஒளித்து வைப்பதற்குத்தானே கொல்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸும் ஃபெரட்டைப் பிடிக்கும். பண்ணைக்கும் அதற்கும் இடையில் தூரம் இருப்பது இரண்டுக்கும் நல்லது.

தப்பித்து ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். 1880-களில் முயலை ஒழிக்க ஃபெரட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். முயல் ஒழியவில்லை, தரையில் கூடு கட்டும் பறவைகள்தான் அழிந்தன. 2002-இல் ஃபெரட்டை விற்பதற்கும் இனம் பெருக்குவதற்கும் அங்கே தடை போட்டார்கள். நம் காட்டில் கவுதாரி, காடை, மயில் மூன்றும் தரையில்தான் முட்டையிடுகின்றன. பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளமும் உங்களுக்குத் தூரமில்லை. ஜோடியாக வைத்திருப்பதால் கூண்டு பூட்டில் கவனம் தேவை. தலை நுழைகிற சந்து கிடைத்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

இதையெல்லாம் விட வெயில் பெரிய பிரச்சினை. ஃபெரட்டுக்கு வியர்க்காது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் குளிர்ச்சியில் சமாளிக்கும், மார்கழி தை பரவாயில்லை. மாசி பிறந்தால் ஏ.சி. அறை இல்லாமல் இதை வளர்க்க வேண்டாம். வாயைத் திறந்து இளைத்துத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் சாதாரணத் தண்ணீரால் காலையும் வயிற்றையும் நனைத்து, காற்றாட வைத்து, டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக்கூடாது.

தெருநாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் நோய் பிடித்தால் பிழைப்பது அபூர்வம். நாய்க்குப் போடுகிற எல்லா டிஸ்டெம்பர் ஊசியும் இதற்கு ஒத்துவராது, கேட்டுப் போடுங்கள். பெட்டைக்கு இன்னொரு விஷயம்: சூட்டுக்கு வந்து இணை சேராவிட்டால் சூடு தணியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏறி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தசோகையில் செத்துப்போகும். குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் என்ன செய்வது என்று டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்படியானால் பழக்கியதெல்லாம் வீணா? இல்லை. குழாய் விளையாட்டே அதற்குப் போதும், வளைக்குள் போகும் ஆசை அதிலேயே தீர்ந்துவிடும். 1971-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இன்று ஃபெர்மிலாப் என்று சொல்லும் அணு ஆய்வுக்கூடத்தில், ஃபெலிசியா என்ற ஃபெரட்டுக்குக் கயிறு கட்டி நீளமான குழாய்களுக்குள் விட்டார்கள். அது மறுமுனைக்குப் போனதும் அந்தக் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்துக் குழாயைச் சுத்தம் செய்தார்கள். மைல் கணக்கில் நீண்ட பெரிய வளையக் குழாயைக் காட்டியபோது மட்டும் உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டதாம். புத்திசாலி.

பண்ணை எலிக்கு வேறு வழிதான். தீவன மூட்டையைச் சுவரை ஒட்டி அடுக்காமல் மரப்பலகை மேல் தூக்கி வையுங்கள், சுற்றிலும் ஆள் நடக்க இடம் விடுங்கள். ஜன்னலுக்கும் ஓட்டைக்கும் அரை அங்குலத்துக்கு மேற்படாத கண் உள்ள வெல்ட் மெஷ் அடியுங்கள். பக்கத்துத் தென்னையில் கூகை இருந்தால் விரட்டாதீர்கள். சாயங்காலம் பண்ணையைச் சுற்றி எல்லா வளை வாயையும் மண் போட்டு மூடுங்கள். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. பொறியை அங்கே வையுங்கள். முதல் இரண்டு நாள் பொறியை விசை ஏற்றாமல் கருவாட்டை மட்டும் வைத்துத் தின்னப் பழக்குங்கள், புதுப் பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். மாட்டிய எலியை ஃபெரட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். புரோமாடியோலோன் மாதிரி எலி மருந்தை உங்கள் பண்ணையில் வைக்காவிட்டாலும் பக்கத்துப் பண்ணையில் தின்றுவிட்டு வந்திருக்கலாம், அந்த விஷம் எலியின் ஈரலில் நாள்கணக்கில் தங்கும்.